வேங்கை, முதல் தரம்

ஹெப்பாளில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் என் விளையாட்டுத் தோழர்கள் மரத்துண்டுகள். இதைச் சொன்னால் என் மனைவி, "அதான் இந்தப் பேச்சுத் திறமையா?" என்கிறாள்.

அப்பா சொந்த ஊரான ராமாபுரத்தில் காடு, வெள்ளாமையோடு கிடந்தார். அம்மாவுக்கு வேலை, காப்பித் தோட்ட விடுதிகளின் கூரைக்கு முக்கோண மரச்சட்டம் கோக்கும் ஒரு பட்டறையில். கப்பலில் வரும் பைன் பலகையில் இன்ன மரம், இன்ன தரம் என்று முத்திரை இருக்கும். அளவுக்கு அறுத்துவிட்டால் ஒரு துண்டில்தான் முத்திரை தங்கும். மற்றவை ஊர்பேர் தெரியாத துண்டுகள். உள்ளூர் மரத்தில் முத்திரையே கிடையாது. எல்லாவற்றையும் தடவி, முகர்ந்து, பெயரையும் தரத்தையும் சாக்பீஸால் எழுதுவாள் அம்மா. கணு இல்லாதது முதல் தரம். பாரம் தாங்கப் போகும். பெரிய கணு நடுவில் இருந்தால் கழிவு. எனக்கு விளையாட வரும்.

தெருப் பிள்ளைகளின் கன்னடம் எனக்குப் பிடிபடுவதற்குள் ஆட்டம் முடிந்திருக்கும். அதைவிடக் கொடுமை ஞாயிறு. இயந்திரங்கள் ஓயும் அன்றைக்குத்தான் அம்மா போய்த் துண்டுகளைக் குறித்துவைப்பாள். நான் பக்கத்து வீட்டு அத்தையின் டிவி முன்னால். கன்னட சீரியலில் யாராவது அழுவார்கள்; காரணம் தெரியாமலே நானும் கூட அழுதுவைப்பேன்.

ஒரு சனிக்கிழமை, "நானும் வர்றனுங்கம்மா" என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அம்மா மூன்று துண்டுகளை எடுத்துவைத்தாள். "செரி, மூணுக்கும் பேரு, தரம் சொல்லு. தப்பில்லாமச் சொன்னாக் கூட்டீட்டுப் போறன்."

முதலாவதில் நகம் அழுந்தியது, பிசின் வாசம்: பைன். இரண்டாவதில் செருப்புக்கடை வாசம்: தேக்கு. மூன்றாவதை முகர்ந்தேன், நக்கினேன், காதோரம் வைத்துத் தட்டிக்கூடப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. தெரியாத இடத்தில் சத்தமாகப் பேசும் வழக்கம் எனக்கு அன்றே உண்டு.

"வேங்கைங்கம்மா! மொதத் தரம்!"

அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நாக்கத் தொடைச்சுக்கடா சாமி. செரியாத்தான் சொல்லீருக்கற."

மறுநாள் அந்தப் பெரிய பட்டறைக் கொட்டகையில் நாங்கள் இருவர்தான். வாசலில் காவலாளி, அவரும் தூங்கினார். அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டதேயில்லை. ஊர்க்கதை, ஆட்டுக்கதை, கல்யாணத்தன்று அப்பா மாலையோடு வழுக்கி விழுந்த கதை. நான் பலகைமேல் உட்கார்ந்து நிபுணர் மாதிரி தலையாட்டினேன். நடுவே ஒரு நல்ல துண்டைச் சுண்டைக்காயளவு கணுவுக்காக ஒதுக்கினாள்.

"பாவம், உட்ருங்கம்மா."

"நாளைக்கு ஆரு தலைமேல நிக்கற கூரையோ. பாவம் பாத்தா ஆகுமா?"

என்னை ஜெயிக்கவைத்த துண்டு இன்றும் என் வீட்டுச் சன்னலுக்கு முட்டாக இருக்கிறது. வேங்கையைத் தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும் என்று யாரோ சொல்லப்போய், போன மாதம் அதை வாளியில் போட்டேன். மறுநாளும் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. வெயிலில் பிடித்தால் மீன்செதில் மினுக்கம்: காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக். நட்டநடுவில், இத்தனை நாள் நான் கவனித்தே பார்க்காத, எலுமிச்சை அளவுக்கு ஒரு கணு. கழிவு, சந்தேகமே இல்லை.

அன்றைய வெற்றிக் களிப்பில், ஞாயிற்றுக்கிழமை எனக்கு மட்டுமல்ல, அம்மாவுக்கும் அவ்வளவு நீளம் என்பது எனக்கு உறைக்கவில்லை.