ஏழாவது கேள்விக்கு முழு மார்க்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வயதானவர்களின் மறதி நோயைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றுக்கு நான் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். பெயர்தான் பெரிது. மூன்று பல்கலைக்கழகங்களுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் நடுவில் கிடந்து மத்தளம் மாதிரி அடிபடுவதுதான் வேலை. ஓர் இடத்தில் ஒத்துக்கொண்ட கேள்வியை இன்னோர் இடத்தில் அடித்துவிடுவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு மாடி அறையில் ஆபீஸ். கீழே இருந்த எஸ்.டி.டி. பூத்காரர், என் சத்தத்தை வைத்தே நான் எந்த ஊர்ப் பேராசிரியரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று சொல்லிவிடுவார்.

நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் அம்மா. ராஜபாளையத்தில், பஞ்சு மில்லில் இருந்து ஓய்வு பெற்ற அப்பாவோடு இருந்தாள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொள்வதாக அப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். வயசானால் யாருக்கும் வருவதுதான் என்று அவரிடம் சொன்னேன். எனக்குள் பயமாக இருந்தது.

ஞாபகத்தைச் சோதிக்க ஊர் ஊராக நான் எடுத்துப்போன படிவத்தில் ஏழாவது கேள்வி, உங்கள் கணவர் பெயர் என்ன என்பது. மம்சாபுரத்தில் முதல் நாளே ஓர் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"அவிய பேர நான் எப்படித் தாயி சொல்ல? தேர்ல வார சாமி பேருதான். நீயே எழுதிக்கோ."

நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினேன். மார்க் போடுகிறவர்கள் பூஜ்யம் போட்டார்கள். சுந்தரபாண்டியத்திலும் தேவதானத்திலும் அதே கதை. நாலு மருமகள்களைக் கட்டி மேய்க்கிற பெண்களெல்லாம் தாளில் மறதிக்காரர்கள் ஆனார்கள்.

எனக்குக் கோபம் வந்தால் கடிதம் எழுதுவேன். கார்பன் வைத்து ஐந்து இடத்துக்கும் எழுதினேன். ஒரே ஒரு பேராசிரியர் நியாயமாகக் கேட்டிருந்தார்: பெயர் மறந்து சொல்லாதவரையும் தெரிந்தே சொல்லாதவரையும் எப்படிப் பிரிப்பீர்கள்? மறந்தவர்கள் முழிப்பார்கள், தெரிந்தவர்கள் சிரிப்பார்கள் என்று பதில் போட்டேன். அதிசயமாக ஐந்து இடமும் ஒத்துக்கொண்டன. வெட்கப்பட்டுச் சிரித்தால் முழு மார்க் என்று படிவத்தில் அச்சாகியே வந்துவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் புதுப் படிவத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போனேன். அப்பா பெயரை அவள் ஒருநாளும் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என்னைத்தான் முன்னால் தள்ளுவாள். இன்று என்ன கிழமை என்று கேட்டேன்.

"ஏட்டி, என்னைய என்ன பரீச்சையா எழுதச் சொல்லுத?" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள்.

மாதம் கேட்டேன், சிரித்தாள். ஏழாவது கேள்விக்கும் சிரித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்து எல்லாவற்றுக்கும் மார்க் போட்டேன்.

"ரெண்டு மாசமாவே இப்படித்தான் சிரிக்கா" என்றார் அப்பா. அது என் காதில் ஏறவில்லை. அன்று அவ்வளவு சந்தோஷமாக பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்துப் போனபோது அம்மா என்னை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் யாரும்மா?" என்று கேட்டேன். அதே மாதிரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மம்சாபுரத்தில் சிரித்தவர்களில் எத்தனை பேர் இப்படிச் சிரித்தார்களோ, புது விதிப்படி அவர்களுக்கும் மார்க் போட்டுவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். அந்த விதி தப்பு, என்னுடைய தப்பு என்று ஐந்து இடத்துக்கும் மறுபடி எழுதினேன். படிவம் அச்சாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்று ஒரே ஒரு பதில் வந்தது.

அடுத்த தை மாதம், ஒரு மத்தியானம் நான் அங்கே இருந்தேன். அப்பா முற்றத்துக் கொடியில் வேட்டியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அடுப்படி வாசலில் நின்று அம்மா அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். முழுப் பெயரை, மில்லில் ஆஜர் எடுப்பதைப் போல.

"கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றாள். அவள் சிரிக்கவில்லை.

அப்பாவின் கை கொடியிலேயே நின்றது. பிறகு, "இந்தா வாரேன்" என்று சொல்லிவிட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

செம்பை வாங்கிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாப்பத்தஞ்சு வருசத்துல இன்னைக்குத்தான் சொல்லியிருக்கா. சரியாத்தான சொன்னா? உன் பேப்பர்ல இதுக்கு மார்க்கு உண்டா?"

"உண்டுப்பா" என்றேன். "முழு மார்க்கு."