ஓ.டி.பி. சொல்லாத அண்ணன்

கம்ப்யூட்டர் சென்டருக்கு இப்போது யாரும் இன்டர்நெட் பார்க்க வருவதில்லை; இன்டர்நெட் உள்ளே விட மறுக்கும்போதுதான் வருகிறார்கள். பாஸ்வேர்டை மறந்துவிட்டு, பூட்டிய திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் சக துன்பவாசிகளே, ஒரகடத்தில் என் கடையில் நடந்ததைக் கேளுங்கள்.

வெப்சைட் எங்கே?

சேரப்பணஞ்சேரி ஸ்டெல்லா ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவள். பக்கத்துக் கம்பெனியில் நிரந்தர வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். நேர்காணல் இந்த வாரம் என்று கேள்வி. எந்த நாள் என்று தெரியவில்லை. தவறவிட்டால் மறுபடி எப்போது ஆள் எடுப்பார்களோ.

முன்பெல்லாம் இதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வெப்சைட்டில் போடுவார்கள். தேடினேன். முதலில் வந்தவை எல்லாம் அந்தக் கம்பெனி பெயரில் போன் நம்பர் கேட்கும் போலிகள். அவற்றைத் தாண்டி அசலைப் பிடித்தால், "எங்கள் ஆப்பில் பாருங்கள்" என்று ஒரே ஒரு வரி. ஆப் அவளிடம் இருந்தது. அதன் பாஸ்வேர்டுதான் நினைவில் இல்லை.

"எல்லாம் நெட்ல கீதுன்னு நீங்கதான் சார் சொல்லுவீங்க. இப்ப இன்னா, நெட்டே கதவைச் சாத்திக்கினு உள்ள உக்காந்துக்கிச்சா?"

முகத்தைக் காட்டு

பாஸ்வேர்டு இல்லையென்றால் முகத்தைக் காட்டு என்றது ஆப். போனைப் பிடித்துக்கொண்டு அவள். எதிரே விளக்கைப் பிடித்துக்கொண்டு நான். வெளிச்சம் போதவில்லை என்றது. வாசலில் வெயிலில் நிறுத்தினேன். அப்போதும் அதே பதில். உழைக்கிறவள் முகம் எந்திரத்துக்குத் தெரியவில்லையே, இந்தத் தொழில் செய்யும் நானும் இதற்கு உடந்தையோ என்று மனம் எங்கெங்கோ போயிற்று.

பிறகுதான் போனை வாங்கிப் பார்த்தேன். கேமரா மேல் சிவப்பு ஸ்டிக்கர். உள்ளே படம் எடுக்கக்கூடாதென்று ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி ஒட்டுவது. பிய்த்தோம். அதற்குள், இனி ஓ.டி.பி. மட்டும்தான் என்று சொல்லிவிட்டது ஆப்.

"பிச்சா நாளைக்கு மறுபடியும் ஒட்ட க்யூவுல நிக்கணும் சார், அதான் வுட்டுட்டேன்."

பழைய நம்பர்

ஓ.டி.பி. போனது, அவள் எப்போதோ கைவிட்ட பழைய நம்பருக்கு. கூப்பிட்டுப் பார்த்தோம். குன்றத்தூரில் டெம்போ ஓட்டும் மோகன் எடுத்தார். நம்பர் இப்போது அவருடையதாம்.

"அண்ணே, உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்கும். என் வேலை விஷயம்..."

"சொல்ல மாட்டேம்மா. யாரு கேட்டாலும் சொல்லாதேன்னு ஒரகடம் கம்ப்யூட்டர் சென்டர் சாரு கண்டிச்சு அனுப்பிச்சாரு."

கடைக்கு வருகிற எல்லோருக்கும் அதைச் சொல்லி அனுப்புவது என் வழக்கம். பெருமையோடு போனை வாங்கி, "அந்த சார் நான்தாங்க" என்றேன்.

"அவரு பேரைச் சொல்லிக்கினே ஒருத்தன் பேசுவான், நம்பாதேன்னும் அவருதான் சொன்னாரு."

நேரில்

நேரில் பார்த்தால்தான் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஒரகடத்துக்கு லோடு ஏற்றி வந்தவர், கடைக்குள் எட்டிப் பார்த்து, நான் நான்தான் என்று உறுதி செய்துகொண்டார். ஸ்டெல்லாவும் வந்திருந்தாள்; ஓ.டி.பி.யைப் புதிதாக அனுப்ப வைத்தோம். அப்போதும் எண்ணை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஸ்டெல்லாவின் போனை வாங்கி, உள்ளங்கையால் மறைத்தபடி தானே தட்டினார். ஆப் திறந்தது. நேர்காணல் அன்றைக்குத்தான், மதியம்.

கம்பெனி வாசலில் தானே இறக்கிவிடுவதாகச் சொல்லி டெம்போவில் ஏற்றிக்கொண்டார். வண்டியைக் கிளப்பும்போது அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானாம்மா அந்த ஸ்டெல்லா? இன்டர்வியூவுக்கு வா வான்னு உன் பேருக்கு மெசேஜா வருது. ஃப்ராடு பசங்கன்னு ஒண்ணு வுடாம அழிச்சிக்கினு இருந்தேன்."

ஸ்டெல்லா இப்போது அங்கே பெர்மனென்ட். நான் சொல்வதை ஒருவராவது கேட்கமாட்டாரா என்று காலமெல்லாம் ஏங்கிய நான்தான், கேட்டுவிட்டால் என்னென்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.