வேலைக்கு வராதவர்கள்

போன கோடையில் முதுகலை ஆய்வுக்காக மரக்காணம் உப்பளத்துக்குப் போனேன். வெயிலில் மின்னும் உப்பு அங்கே வேலை செய்பவர்களின் பார்வையைக் கெடுக்கிறதா என்பதுதான் என் கேள்வி. பாத்திகளில் இருந்த எல்லோரிடமும் கண் சோதனை அட்டையைக் காட்டினேன். பெரும்பாலோருக்குப் பார்வை நன்றாகவே இருந்தது. மூன்றே நாளில் முடித்து, ‘பெரிய பாதிப்பு இல்லை’ என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். என் வேகத்தில் எனக்கே பெருமை.

அங்கே கண் முகாம் நடத்த இருந்த ஒரு தொண்டு நிறுவனம் அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, முகாமை வேறு ஊருக்கு மாற்றியது. அதைச் சொல்லப் போனபோது, உப்பு வாரிக்கொண்டிருந்த மேரி அக்கா நிமிர்ந்தார்.

"இங்க உப்பு வாரிட்டிருந்த எங்க அண்ணிய டெஸ்ட் பண்ணியா?"

"இல்லக்கா. அவங்க வேலைக்கே வரலியே."

"கண்ணு தெரியாதவ எப்டிம்மா வேலைக்கு வருவா? எங்க தெருவுல மட்டும் எத்தினி பேரு வீட்டோட கெடக்குறாங்க! காலேஜ்ல இதெல்லாம் சொல்லித் தர மாட்டாங்களா?"

சொல்லித் தந்திருந்தார்கள். யாரைச் சோதிப்பது என்ற அந்தப் பாடத்தில் நான் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.

நேராக அண்ணியின் வீட்டுக்குப் போனேன். காலடிச் சத்தம் கேட்டதும் அவர் அவசரமாக முடியை அள்ளி முடிந்துகொண்டார்.

"டாக்டருங்க வந்துட்டாங்களா?"

"இன்னும் வரலீங்க" என்றேன்.

அறிக்கையைத் திருத்தி அனுப்பினேன். முகாம் திரும்பி வரவில்லை. அன்று நான் சொன்ன ‘இன்னும்’ என்ற பொய்யை நம்பி, அவர் காத்திருந்திருப்பார்.