கொழுத்த நத்தை

கடலூரில் கழிமுகச் சேற்றிலிருந்து எடுத்த மட்டிகளை அறுத்து, அவற்றில் எவ்வளவு ஈயம் ஏறியிருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. போன ஐப்பசியில் சங்கராபுரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போயிருந்தேன். அண்ணன் ஒரு கூடை நிறைய ஏரி நத்தையைக் காட்டினார்.

"இன்னா கொழுப்பு பாத்தியா? கரும்புக்கு யூரியா ஜாஸ்தி போட்டதுலேர்ந்து இப்படித்தான் கீது."

அந்தப் பெருமையைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வயலிலிருந்து வழியும் யூரியா ஏரியில் பாசியை வளர்க்கிறது, பாசி செத்து அடியில் படிகிறது, அதைத் தின்னும் நத்தை சேற்றையும் சேர்த்தே விழுங்குகிறது என்றேன். வருஷா வருஷம் நாம் கரைக்கும் சிலைகளின் பெயிண்டும் அந்தச் சேற்றில்தான் கிடக்கிறது. அதிலுள்ள ஈயமும் நத்தைக்குள் போகிறது.

"புள்ளைங்க மூளைக்கே ஆகாதுண்ணா."

அண்ணன் குறுக்கே பேசாமல் கேட்டார். எனக்குக்கூடக் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. நான் சொன்னது ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்திருந்தது. அண்ணியைக் கூப்பிட்டுக் கூடையை நீட்டினார்.

"இனிமே நம்ம வூட்ல இத ஆக்காத. எல்லாத்தையும் சந்தைக்கே எடுத்துக்கினு போயிடு."