ஒரு நூல் உள்ளே

கார் ஃபிட்டர் சேவுகனுக்கு அளவு பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான் என்று காரைக்குடியில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சென்ற வாரம் நடந்த அவருடைய இரங்கல் கூட்டத்திலும் இருவர் அதையே சொன்னார்கள். "ஆச்சி கொடுத்த டேப்பால்தான் அவர் தொழில் நிமிர்ந்தது" என்றார் ஒருவர். நான் முன்வரிசையில் இருந்தேன். எழுந்து மறுத்திருக்க வேண்டும், எழவில்லை. டிரைவர்கள் சேர்ந்து கொண்டுவரும் இந்த நினைவு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டபோது, அந்தப் பேச்சைத் திருத்த இடம் கொடுப்பதானால் எழுதுகிறேன் என்றேன். கொடுத்தார்கள். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் அவருக்கு எதையும் கற்றுக்கொடுக்கவில்லை. அவர் பெயரைக் கெடுத்தேன்.

செய்தியை என் டிரைவர் வெள்ளைச்சாமி கொண்டுவந்தார். பிள்ளையார்பட்டிக்குப் புறப்பட்டு, கையில் அருகம்புல்லோடு வாசலுக்கு வந்திருந்தேன். அவர் காரின் கதவைத் திறக்காமல் நின்றார். "ஆச்சி, சேவுகண்ணன் போயிட்டாரு. ஷெட்டுல தரைக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருந்தவரு, அப்படியே உக்காந்துட்டாராம்" என்றார். அன்று நான் கோயிலுக்குப் போகவில்லை.

தரைக்குத் தண்ணீர் ஊற்றுவது அவர் வழக்கம். ஒரு காரின் முன்சக்கரங்களை நேர்செய்வதற்கு முன் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் ஒரு செம்புத் தண்ணீரைக் கவிழ்த்து, அது எந்தப் பக்கமும் ஓடாமல் நிற்கிறதா என்று பார்ப்பார். ஓடினால் வேலையைத் தொடமாட்டார். "தரை பொய் சொன்னா, நான் சொல்றதும் பொய்தான்" என்பார். பிறகு பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம்வரை நூல் கட்டுவார். டயரில் சுண்ணாம்புக்கட்டியைத் தேய்த்து, சக்கரத்தைச் சுழலவிட்டு, ஆணியால் ஒரு கோடு கிழிப்பார். இரு சக்கரங்களின் கோடுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஒரு மூங்கில் குச்சியால் முன்புறம் ஒருமுறை, பின்புறம் ஒருமுறை அளப்பார். அந்தக் காலத்தில் இவ்வூரில் இதற்கு வேறு கருவி கிடையாது.

என் கணவர் விட்டுச்சென்ற கறுப்புக் காரை அறுபத்து நான்காம் ஆண்டு அவரிடம் கொண்டுபோனேன். அப்போதே அது பழைய வண்டி. இடதுபுறம் இழுக்கிறது என்றார் வெள்ளைச்சாமி. சேவுகன் அரைநாள் வேலை செய்தார். நான் நாற்காலி போட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "ஒரு நூல் உள்ள வச்சிருக்கேன் ஆச்சி" என்றார்.

"நூலை ஏன் உள்ளே வைத்தாய்? சக்கரத்தில் சுற்றிக்கொள்ளாதா? எடுத்துப் போடு" என்றேன்.

கொட்டகையில் நாலைந்து டிரைவர்கள் இருந்தார்கள். எல்லாரும் சிரித்தார்கள். "ஆச்சி கான்வெண்டுல படிச்சவுகப்பா, அங்கிட்டு நூலுன்னா தைக்கிற நூலுதான்" என்று ஒருவர் சொல்ல, மறுபடியும் சிரிப்பு. அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கை இங்கே தச்சரும் கொத்தனாரும் ஃபிட்டரும் 'நூல்' என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது தெரியாது. சேவுகன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததையும் நான் மன்னிக்கவில்லை.

வீட்டுக்கு வெள்ளைச்சாமியை அனுப்பி, என் தையல் பெட்டியிலிருந்த அங்குல டேப்பை வரவழைத்தேன். நானே குனிந்து அளந்தேன். பின்புறத்தைவிட முன்புறம் எட்டில் ஒரு அங்குலம் குறைவாக இருந்தது. "இரண்டு சக்கரமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. இதுவா நேர்?" என்று அத்தனை பேர் முன்னிலையிலும் கேட்டேன்.

"நிக்கும்போது கொஞ்சம் உள்ள பாக்கணும் ஆச்சி. ஓடுறப்ப ரோடு வெளிய தள்ளும். அப்பத்தான் நேரா நிக்கும்."

"சாக்கு சொல்லாதே. முன்னும் பின்னும் ஒரே அளவாக வை."

அவர் மறுபடி வண்டியின் அடியில் குனிந்தார். "ஆச்சி சொன்னா நான் கேப்பேன். வண்டி கேக்காது" என்றார். கேட்டபடியே வைத்துக்கொடுத்தார்.

வண்டி கேட்கவில்லை. "பச்சையக் கண்ட பக்கமெல்லாம் மாடு மாதிரிப் போகுது ஆச்சி" என்றார் வெள்ளைச்சாமி. சில வாரங்களில் முன்டயர்களின் உள்விளிம்பு தேய்ந்துபோனது. நான் உட்கார்ந்து, கார் வைத்திருந்த ஒன்பது வீடுகளுக்கு என் கைப்படக் கடிதம் எழுதினேன். ஃபிட்டர் சேவுகனுக்கு அளவு தெரியாது, என் வண்டியே சாட்சி என்பது அதன் சாரம். என் சொற்படி வைத்த சக்கரம் என்பதை எழுதவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது. கான்வெண்டில் அதற்குப் பரிசு வாங்கியவள் நான்.

ஒன்பது வீட்டுக் கார்களும் அவரிடம் போவது நின்றது. அந்த வீடுகளைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்தினார்கள். ஆண்டு முடிவதற்குள் கொட்டகையை மூடிவிட்டு, மனைவி மீனாளோடு சொந்த ஊரான சிங்கம்புணரிக்குப் போய்விட்டார். 'ஆச்சி சொல்லித்தான் அப்படி வைத்தேன்' என்று அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் தொழில் பிழைத்திருக்கும்.

ஆறு ஆண்டுகள் கழிந்தன. வேறு ஃபிட்டர்களிடமும் நான் டேப்போடு போய் நின்றேன். டயர்கள் தேய்ந்தன. சாலையைக் குறை சொன்னேன். ஒருநாள் விளக்கு ஒன்று எரியவில்லை என்று, காரோடு வந்த ஆங்கிலக் கையேட்டை முதன்முறையாக எடுத்துப் புரட்டினேன். என் கணவர் காலத்திலிருந்தே அது ஸ்டியரிங்குக்குப் பக்கத்துப் பெட்டியில் இருந்தது. அந்தக் கொட்டகையில் அன்று ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். விளக்குக்கான பக்கத்தைத் தேடியபோது சக்கரப் பக்கம் கண்ணில் பட்டது. முன்சக்கரங்களின் இடைவெளி பின்புறத்தைவிட முன்புறம் எட்டில் ஒரு அங்குலம் குறைந்திருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்தது. ஒரு நூல் உள்ளே.

மறுநாள் சிங்கம்புணரிக்குப் போனேன். ஒரு லாரி நிறுத்தத்தில் கிரீஸ் அடித்துக்கொண்டிருந்தார் சேவுகன். சாப்பாடு கொண்டுவந்திருந்த மீனாள் என்னைப் பார்த்ததும், "நூலத் தேடியா ஆச்சி இம்புட்டுத் தூரம் வந்திருக்கீக? அதத்தான் அன்னைக்கே எடுத்துப் போடச் சொல்லிட்டீகளே" என்றார். சேவுகன் அவரைக் கையமர்த்தினார். மன்னிப்புக் கேட்கும் சொற்களை வழியெல்லாம் யோசித்துவந்திருந்தேன். "வண்டியை உன் கணக்குப்படி வை" என்று மட்டும் சொன்னேன். வைத்தார். திரும்பும் வழி முழுவதும் வெள்ளைச்சாமி ஸ்டியரிங்கை இரண்டு விரலால் பிடித்துவந்தார்.

அங்கிருந்து புறப்படும் முன் சேவுகனிடம் ஒன்று கேட்டிருந்தேன். "அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ஆச்சியப் பாத்து ஊரே இன்னொருக்காச் சிரிச்சிருக்கும். ஒருக்காச் சிரிச்சதுக்கே ஒம்பது கடுதாசி" என்றார். முகத்தில் கோபம் இல்லை.

என் கார் மீண்டும் அவரிடம் போனது தெரிந்ததும் மற்றவையும் போகத் தொடங்கின. எழுபத்தொன்றில் காரைக்குடியில் கொட்டகையைத் திறந்தார். திறந்த அன்று என்னிடம் அந்தத் தையல் டேப்பைக் கேட்டு வாங்கி, சுவரில் ஆணி அடித்து மாட்டினார். வருகிறவர்களிடமெல்லாம், "ஆச்சி டேப்பு வச்சு அளந்த பெறகுதான் எனக்கு அளவே வெளங்குச்சு" என்பார். கேட்டவர்கள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார்கள். நான் எதிரில் இருக்கும்போது சொன்னால், என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் சொல்வார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே தண்டனை அது. அதையும் நான் புகழாக்கிக்கொண்டு இத்தனை ஆண்டுகள் வாய்மூடி இருந்தேன். அவர் இருந்தவரை அவரை 'அவன்' என்றேன். 'அவர்' என்று எழுதுவது இதுதான் முதல்முறை.

காரியம் முடிந்த பிறகு மீனாள் டேப்பைத் திருப்பிக் கொடுத்தார். எட்டு ஆண்டுகள் ஒர்க்ஷாப்பில் தொங்கிய டேப்பில் ஒரு சொட்டு எண்ணெய்க்கறை இல்லை. சேவுகன் அதைத் தொட்டதே இல்லை. அவருக்கு நான் கற்றுக்கொடுத்தேன் என்பவர்கள் வந்து பார்க்கலாம். டேப் என் மேசைமேல் இருக்கிறது. "தரை பொய் சொன்னா, நான் சொல்றதும் பொய்தான்" என்ற அவருடைய சொல்லையும் என்னோடு வைத்துக்கொள்கிறேன். எதையும் நேர் என்று தீர்ப்புச் சொல்லுமுன் நான் நின்றிருந்த தரையை நான் ஒருநாளும் பார்த்ததில்லை.

அந்த ஒன்பது வீட்டாருக்கும் இப்போது சொல்கிறேன்: அறுபத்து நான்கில் நான் எழுதியது தவறு. சேவுகனின் அளவு சரியாக இருந்தது. இதைப் படித்ததற்கு அடையாளமாக ஒரு வரியாவது எனக்கு எழுதுங்கள். ஆள்மூலம் சொல்லி அனுப்ப வேண்டாம். மீனாளுக்குப் படிக்கத் தெரியாது; ஒவ்வொரு கடிதத்தையும் நான் போய் அவருக்குப் படித்துக்காட்ட வேண்டும். பதில் எழுதுங்கள்.