அமுதவல்லி அக்காவின் நாக்கு

செங்கத்திலிருந்து மலையேறும் வழியில், அடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மகளிர் குழுவில் பதினோரு பேர் தேன்பெட்டி வைத்திருக்கிறோம். ஆனால் ஜமுனாமரத்தூர் கோடை விழாவில் கூட்டம் தேடி வருவது தேனை அல்ல, அமுதவல்லி அக்காவை. ஒரு சொட்டு நாக்கில் பட்டால் போதும், எந்த மரத்துப் பூ, மழைக்கு முன் எடுத்ததா, பின் எடுத்ததா என்று சொல்லிவிடுவார். பெங்களூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது.

போன தை மாதம் அவருக்கு ஒரு காய்ச்சல். அது போகும்போது ருசியையும் மணத்தையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இது எனக்கு மட்டும்தான் தெரியும். மறதியில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்ட சாமைப் பொங்கலை அவர் மறுபடியும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டபோது கண்டுபிடித்துவிட்டேன்.

"யார்கிட்டயும் சொல்லிடாத தேவி. அப்புறம் என்னைய டின்னு கழுவத்தான் வுடுவாங்க" என்றார். அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

டின்களில் நாங்கள் பெயர் எழுதுவதில்லை. தேன் வழிந்து எழுத்து அழிந்துவிடும். எந்த மரத்தடியில் எடுத்தோமோ அந்த மரத்துக் கொத்தை டின் கழுத்தில் கட்டிவிடுவோம். அந்தக் கொத்தைப் பார்த்தே சொல்லி அக்காவின் பாடு எப்படியோ ஓடியது.

இந்த வருட விழாவுக்கு ஏறிய ஜீப்பில் எங்களோடு ஒரு நேர்த்திக்கடன் ஆடும் ஏறியது. வளைவுகளுக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டு வந்தேன், என் தப்புதான். இறங்கிப் பார்த்தால் கொத்துகளைக் காணோம். புங்கந்தழையை மட்டும் அந்தச் சனியன் தொடவில்லை. புளியந்தேனை நிறத்தை வைத்துப் பிரித்துவிட்டோம். மீதி வேம்பும் நாவலும். இரண்டும் ஒரே கறுப்பு.

வேறு யாரையாவது ருசிக்கச் சொன்னால் விஷயம் அம்பலமாகிவிடும். நானே இரண்டையும் நக்கிப் பார்த்தேன். இருபது வருடமாக வெற்றிலை போட்டு மரத்துப்போன நாக்கு.

"ரெண்டும் இனிப்பாத்தாங்க்கா இருக்குது."

"நல்ல நாக்குடி உனுக்கு!" என்று முறைத்தார்.

அதற்குள் முதல் ஆள் வந்துவிட்டார். ஆரணி வாத்தியார் வெற்றிச்செல்வன், வருடா வருடம் வருகிறவர். "இன்னாம்மா, முதல்ல எந்தத் தேன்?"

"சாப்பிடுங்க சார், அப்புறம் சொல்றேன்."

ஒரு டின்னிலிருந்து அக்கா கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார். குழுப் பெண்கள் எல்லோரும் பின்னால்தான் நின்றார்கள். அக்கா வாத்தியார் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாவலு" என்றார் அக்கா.

"அதேதான்! எப்பிடிம்மா வாயில வெக்காமயே சொல்றீங்க?"

கூட்டம் கைதட்டியது. நான் அக்காவின் காதருகே குனிந்து அதையே கேட்டேன்.

"ஒம்போது வருசமா தின்றவங்க மூஞ்சியத்தானடி பாக்குறேன். வேம்புன்னா முதல்ல சிரிப்பாங்க, முழுங்குன பொறவுதான் புருவம் சுருங்கும். நாவலுன்னா தன்னால நாக்கு பல்லுல தேயும். துவர்ப்பு."

இத்தனை வருடம் பக்கத்திலேயே நின்று தேன் ஊற்றித் தரும் பொங்கலைக் கிண்டியிருக்கிறேன், ஒரு முகத்தையாவது நான் பார்த்ததுண்டா?

சாமைப் பொங்கலில் இன்னொரு கரண்டி நாவல் தேனை ஊற்றி வாத்தியாரிடம் நீட்டினார் அக்கா. "இன்னா மாதிரி இருக்குது சார்? அவசரப்படாம சொல்லுங்க."

அவரும் சொன்னார். முதலில் சாமையின் மணம், பிறகு இனிப்பு, அது அடங்கும்போது தொண்டையில் லேசாக ஒரு பிடிப்பு, பள்ளிக்கூடத்து மரத்தடியில் பொறுக்கித் தின்ற பழம் போல.

அக்கா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவர் வாயில் ஒன்றுமே இல்லை. ஆனாலும் அவருடைய நாக்கு பல்லில் மெல்லத் தேய்ந்துகொண்டிருந்தது.