இரவல் கொடுத்த நெஞ்சுவருத்தம்

என் மனைவியின் இதயத்தில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என்னுடையதில்தான். இரண்டு வருடங்களுக்கு முன் மொன்றியலில் ஒரு மருத்துவமனையில் என் நெஞ்சுக் குழாய் ஒன்றின் அடைப்பை நீக்கி, அது மறுபடி மூடிக்கொள்ளாதிருக்க ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் போன இலையுதிர் காலத்தில், ஜெர்மனியின் மோசல் ஆற்றில் போன ஒரு கப்பலில், எல்லாரும் இதைத் தலைகீழாக நம்பும்படி செய்தவன் நான். திரும்பி வந்தபின் மொன்றியலுக்குப் பக்கத்திலுள்ள புரோசார்டில் ஒரு பிறந்தநாள் கொண்டாட்டத்தில், "அண்ணை, சைக்கிளிலை யூரோப்பையே சுத்தினீங்களாம்" என்று ஒருவர் கேட்டபோது அடக்கமாகத் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலும் இந்தக் கணக்கில் சேர்த்தி.

பயணம் மகள் தாய்க்குக் கொடுத்த பரிசு. கார்டரி என்று இங்கே சொல்கிற குழந்தைகள் காப்பகம் ஒன்றின் சமையலறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்து என் மனைவி ஓய்வு பெற்றிருந்தாள். அங்கேதான் பிரெஞ்சு படித்தாள், மூன்று வயதுப் பேராசிரியர்களிடம். நான் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படித்தவன்; ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவனுக்கு இன்னொரு மொழி எதற்கு என்ற உயர்ந்த கொள்கையோடு இந்த நகரத்தில் முப்பத்தைந்து வருடங்களாக வழி தவறிக்கொண்டிருக்கிறேன்.

திட்டம் எளிமையானது. இரவில் கப்பலில் தூக்கம், பகலில் திராட்சைத் தோட்டங்களுக்கிடையே சைக்கிள், மாலையில் வைன். அவளுக்கு வைன் ஆகாது. எனக்குச் சைக்கிள் ஆகாது. இரண்டு பேரையும் சேர்த்தால் ஒரு முழுப் பயணி கிடைப்பார் என்று மகள் கணக்குப் போட்டிருக்க வேண்டும்.

சைக்கிளில் அவளுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. பெற்றோல் கண்ணில் படாத யுத்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் அவள் அரிசி மூட்டையையும் மண்ணெண்ணெய்க் கானையும் கட்டிக்கொண்டு ஓடியவள். அந்த வருடங்களில் நான் மொன்றியலில் பனியைத் திட்டிக்கொண்டு, அவளுக்குக் கடிதத்தில் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன். பயணம் உறுதியானதும் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, கார்ட்டியர்வில்லில் எங்கள் வீட்டிலிருந்து ஆற்றோரப் பாதையில் அஹுன்ட்சிக் வரை தினமும் காலையில் போய் வந்தாள். நானும் பயிற்சி எடுத்தேன். சோபாவில் சாய்ந்து, கியர் மாற்றுவது பற்றிய காணொளிகளைப் பார்த்தேன்.

"இஞ்சை பாரும், கியரை மாத்தேக்கை அழுத்தி மிதிக்கக் கூடாது" என்றேன் ஒருநாள்.

"நான் மாத்தாமலே ஓடுறன். நீங்கள் பேந்து வந்து மாத்தி விடுங்கோ" என்றாள், தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு.

பயண நிறுவனம் அனுப்பிய புத்தகத்தில் கடைசி நாளுக்கான படம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் மலைச்சரிவு முழுக்கத் திராட்சை, நடுவே நேரான பாதை. அதைக் கிழித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்தாள். "மற்ற நாளிலை ஏலாட்டியும் பரவாயில்லை. இந்த ஒரு நாளை மட்டும் ஒரு இடத்திலையும் இறங்காமல் முழுசா ஓடவேணும்" என்று மகளிடம் சொன்னது எனக்கும் கேட்டது. வேறு எதையும் அவள் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. கேட்டிருந்தாலும் நான் காது கொடுத்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

கப்பலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் கபினில் ஒருவர் நிற்கும்போது மற்றவர் படுத்திருக்க வேண்டும். சைவச் சாப்பாடு உண்டு என்று உறுதி தந்திருந்தார்கள். சுட்ட கத்தரிக்காயை ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு பெயரில் கொண்டுவந்து அந்த உறுதியைக் காப்பாற்றினார்கள். வைன் ருசி பார்க்கும் வகுப்பில் ஒரு கனவான் கண்ணாடிக் குவளையைச் சுழற்றி, இதில் நனைந்த கல்லின் வாசனை இருக்கிறது என்றார். நனைந்த கல்லுக்கு இவ்வளவு விலை என்றால் எங்கள் வீட்டு நிலவறைச் சுவரைப் போத்தலில் அடைத்தே நாங்கள் பணக்காரராகியிருக்கலாம். வந்தவர்கள் பெரும்பாலும் கியூபெக்கைச் சேர்ந்த ஓய்வுபெற்றவர்கள். அவர்களில் லவாலில் வசிக்கும் அக்காவும் தங்கையும், முன்னாள் பள்ளி ஆசிரியைகள், முதல் காலையுணவிலேயே என் மனைவியைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். மூவரும் பிரெஞ்சில் சிரித்தார்கள். நான் பாணில் வெண்ணெய் தடவினேன்.

முதல் நாள் ஓட்டத்தில் அவள் வழிகாட்டிப் பெண்ணுக்குப் பின்னால் இரண்டாவதாகப் போனாள், சாதாரண சைக்கிளில். எனக்குப் பற்றரி பூட்டிய சைக்கிள் தந்திருந்தார்கள். பற்றரி இருந்தும் நான் கடைசி. ஒவ்வொரு முறையும் எல்லாரும் தண்ணீர் குடித்து, படம் எடுத்து, இளைப்பாறி முடிக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேருவேன். உடனே அவர்கள் புறப்படுவார்கள்.

இரண்டாம் நாள் இரவுச் சாப்பாட்டில் வழிகாட்டி எழுந்து, எங்கள் கூட்டத்தின் நட்சத்திரம் இந்த அம்மாதான் என்று அறிவித்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் அவருடைய பயிற்சியாளரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். மேசைகள் எல்லாம் சிரித்தன. அதைத் தாங்கியிருப்பேன். என் மனைவியும் சிரித்தாள். வாயைக் கையால் மூடாமல், பல் தெரிய.

சாப்பாடு முடிந்ததும் வழிகாட்டியை மேல்தட்டில் தேடிப் பிடித்தேன்.

"ஒரு விஷயம். என் மனைவியிடம் சொல்ல வேண்டாம். அவளுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. பிடிவாதக்காரி, மறைக்கிறாள். எனக்குப் பயமாயிருக்கிறது."

எந்தக் குழாய், எப்போது வைத்தது, என்ன மாத்திரை எல்லாம் தடங்கலில்லாமல் சொன்னேன். ஒரு நோயாளியாக இருந்ததன் பயனை அன்றுதான் அடைந்தேன். அந்தப் பெண் என் தோளில் கைவைத்து, இவ்வளவு அக்கறையான கணவர் கிடைப்பது அரிது என்றாள். நான் மறுக்கவில்லை.

மறுநாள் காலை என் மனைவிக்குச் சைக்கிள் தரவில்லை. மேடுகள் இருக்கின்றன, காப்புறுதி விதிகள் இருக்கின்றன, இனி நீங்கள் எங்கள் வேனில் சுகமாக வரலாம் என்றார்கள். அவள் தலைக்கவசத்தோடு என்னிடம் வந்தாள்.

"ஏனப்பா என்னை மட்டும் வேனிலை ஏறச் சொல்லினம்?"

"கொம்பனிச் சட்டமாம். வயசைப் பாக்கினம் போல."

"என்னைவிட உங்களுக்கு ஏழு வயசு கூட."

"ஆம்பிளையளுக்கு வேறை கணக்கு."

"ஓமோம், அது எங்கையும் வேறை கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டுத் தலைக்கவசத்தைக் கழற்றாமலே வேனில் ஏறினாள்.

படித்தவன் செய்கிற சூழ்ச்சியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அந்த வேனின் வேலை என்னவென்று நான் யோசிக்கவில்லை. உதிரி ரயரும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு, யாரும் வழியில் விழுந்து கிடக்காதபடி, கூட்டத்தின் கடைசி ஆளுக்குப் பின்னால் ஊர்ந்து வருவதுதான் அதன் வேலை. கடைசி ஆள் நான். முன் இருக்கையில் என் மனைவி. ஐரோப்பாவின் அழகான பள்ளத்தாக்குகளில் ஒன்றில் அவள் பார்ப்பதற்கு நான் ஏற்பாடு செய்த காட்சி என் முதுகு.

சைக்கிள் கைப்பிடியில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அதில் அவள் முகம் தெரிந்தது. மேடு வந்தால் இறங்கித் தள்ளினேன், வேனும் நின்றது. மூச்சு வாங்க நின்றேன். வேனும் மூச்சு வாங்கியது. ஓரிடத்தில் திராட்சை பறிப்பவர்கள் கூடையை வைத்துவிட்டு எங்கள் ஊர்வலத்துக்குக் கையசைத்தார்கள். அவள் பதிலுக்குக் கையசைத்தாள். எனக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தது.

அடுத்த நாள் மதியம் ஒரு தோட்டத்து முற்றத்தில் சாப்பிடும்போது, லவால் அக்கா என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஏதோ சொன்னார். தங்கை கண்ணைத் துடைத்தார். இதயம் என்ற ஒரு சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. மனைவி தட்டிலிருந்த கத்தரிக்காயை வெட்டி, சாப்பிட்டு முடித்தாள். கபினுக்கு வந்து கதவைச் சாத்தியபின்தான் கேட்டாள்.

"என்ர நெஞ்சிலை எப்ப அடைப்பு வந்தது?"

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"சொல்லுங்கோ. எனக்கும் தெரியத்தானே வேணும். எந்த ஆசுப்பத்திரி? என்னைப் பாக்க ஆர் ஆர் வந்தவை?"

"உமக்கு ஏதும் நடந்திடுமோ எண்டு..."

"விசர்க் கதை கதைக்காதேங்கோ. உங்கட வருத்தத்தை எனக்குத் தந்திட்டியள். சரி. குளிசையையும் தாங்கோ, அதையும் நானே போடுறன்."

கையை நீட்டிக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மாறியது. "நாளைக்குக் கடைசி நாள். அந்தப் படத்திலை இருக்கிற பாதை. நீங்கள் போய் உண்மையைச் சொல்லுங்கோ. எனக்கு வேறை ஒண்டும் வேண்டாம்."

போனேன். வழிகாட்டியிடம், நான் தவறாகச் சொல்லிவிட்டேன், அவளுக்கு ஒரு நோயும் இல்லை என்றேன். அந்தப் பெண் கனிவோடு சிரித்தாள். மனைவிக்குக் கோபம் வந்ததும் கணவர்மார் இப்படித்தான் வந்து மாற்றிச் சொல்வார்கள், பரவாயில்லை, அவருடைய உயிர் முக்கியம் என்றாள். இவ்வளவு விவரமாக அதை நீங்கள் கற்பனை செய்திருக்க முடியாதே என்றும் சொன்னாள்.

கற்பனை இல்லைதான். என் காற்சட்டைப் பையில் என் பெயர் ஒட்டிய மாத்திரைப் போத்தல் இருந்தது. அதை எடுத்துக் காட்டி, ஸ்டென்ட் என்னுடையது என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அவளுக்குச் சைக்கிள், எனக்கு வேன். வேனில் நான் உட்கார்ந்திருக்க, என் மனைவி முன்னால் போக, முழுக் கூட்டமும் காரணம் அறிந்து என்னைப் பார்க்கும். பையில் போத்தலைத் தொட்டபடியே நின்றேன். "நன்றி" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

முதல் பொய்யைக் கோபத்தில் சொன்னேன் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த "நன்றி"க்கு எந்தச் சாக்கும் கிடையாது.

"கேக்கினமில்லை. சொல்லிப் பாத்தன்" என்றேன் கபினில்.

"முழுசாச் சொன்னனீங்களோ?"

அவள் மறுநாளுக்கு எடுத்து வைத்திருந்த சப்பாத்தைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள்.

கடைசி நாள் பாதை படத்தில் இருந்ததைவிட அழகாக இருந்தது. வெயில், ஆறு, மஞ்சளாகத் தொடங்கிய திராட்சை இலைகள். மேடே இல்லை. நான் ஓரிடத்திலும் இறங்காமல் முழுத் தூரத்தையும் ஓட்டினேன். பின்னால் வேன் வந்தது. கண்ணாடியை வெளிப்பக்கம் திருப்பி வைத்துக்கொண்டேன்.

கப்பலடியில் எல்லாரும் வரிசையாக நின்று எனக்குக் கைதட்டினார்கள். எழுபத்து நான்கு வயதில் எப்பேர்ப்பட்ட மனிதர்! ஒருவர் குவளையை நீட்டினார். வேனிலிருந்து இறங்கிய என் மனைவியும் கைதட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினாள்.

அன்றைய விருந்தில், துணிச்சலான தம்பதி என்று எங்களுக்கு ஒரு போத்தல் வைன் பரிசளித்தார்கள். மனைவி ஒலிவாங்கியைக் கையில் எடுத்து, பிரெஞ்சில், அமைதியாக, நாலைந்து வசனம் பேசினாள். யாரும் சிரிக்கவில்லை. லவால் சகோதரிகள் முதலில் அவளைப் பார்த்தார்கள், பிறகு என்னை. வழிகாட்டிப் பெண் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள்.

"என்ன சொன்னனீர்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு வருத்தம் எண்டு சொன்னன். வேறை ஒண்டும் சொல்லேல்லை."

மறுநாள் விமான நிலைய வாசலில் என் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓர் ஊழியர் சக்கர நாற்காலியோடு நின்றார். கப்பலிலிருந்து ஏற்பாடு செய்திருந்தார்களாம், இதய நோயாளி என்று. என்னால் நடக்க முடியும் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் அவள், இரண்டு பெட்டிகளையும் பிடித்துக்கொண்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஓம், அது நான்தான்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

நீண்ட நடைபாதையில் ஊழியர் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். அவள் பக்கத்தில் நடந்தாள். "என்னை மன்னிச்சுக் கொள்ளும்" என்றேன்.

"இதை முந்தநாள் அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லியிருந்தால் நான் ஓடியிருப்பன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பிறகு, எங்கள் விமானத்தின் வாசல் எது என்று பார்க்க வேகமாக முன்னால் நடந்து போனாள்.